புத்தகயாவிற்காக வழக்காடிய தர்மபாலர்

அநகாரிக தர்மபாலர் 1864-ஆம் ஆண்டு செப்டம்பர் 17-ஆம் நாள் கொழும்பு நகரில் செல்வக்குடியில் பிறந்தவர். அவர் ஆற்றிய தொண்டுகள் பல. அவற்றுள் நீதிமன்றங்களிலும் சர்க்கார் அலுவலகங்களிலும் அவர் நடத்திய போராட்டத்தையே ஈண்டுக் கூற விழைகின்றேன்.

1891 ஜனவரி 22-இல் அவர் முதன்முறையாகப் புத்தகயாவைத் தரிசித்தார். பகவான் போதி எய்திய திருவிடம் சைவ மடத்து மஹந்தரின் ஆட்சியில் இருந்தது. அவ்வாண்டு மே மாதத்திலேயே மகாபோதி சங்கத்தை நிறுவினார்.

ஜப்பானிய பௌத்தர்கள் அளித்த பழமையான புத்தர் திருவுருவத்தை 1895 பிப்ரவரி 25-ஆம் நாள் ஆலயத்தின் மேல்தளத்தில் எழுந்தருளச் செய்து, தோழர்களுடன் வழிபடலானார். மஹந்தரின் ஆட்கள் திரண்டு வந்து அதனை அகற்றி முற்றத்தில் இறக்கிவிட்டனர். தர்மபாலர் கைகலக்கவில்லை, கயா மாஜிஸ்டிரேட்டிடம் முறையிட்டார். மூவர் தண்டனை பெற்றனர். செஷன்ஸ் நீதிபதியும் அவர்களைக் குற்றவாளிகள் என்றே கொண்டார். ஆனால் கல்கத்தா உயர்நீதிமன்றம் ஆகஸ்டு மாதத்தில் அத்தீர்ப்பைத் தள்ளிவிட்டது. மஹந்தரின் இசைவின்றி அங்கே திருவுருவை நிறுவும் உரிமை தர்மபாலருக்கு உண்டென்று மெய்ப்பிக்கப்படவில்லை என்பது அதன் கருத்து. இரண்டு படிகளில் வென்று மூன்றாம் படியில் வீழ்வது எத்துணைக் கொடிதென்பதை வழக்காடினோர் அறிவர்.

அதனினும் பெரிய சோதனை 1896-இல் வந்தது. திருவுருவம் அப்போது அருகிலிருந்த பர்மியர் சத்திரத்தில் வைக்கப்பட்டிருந்தது. ஒரு மாதத்திற்குள் அதனை அங்கிருந்து அகற்றவேண்டும்; தவறினால் கல்கத்தா மியூசியத்தில் சேர்க்கப்படும் என்று கயா கலெக்டரிடமிருந்து உத்தரவு வந்தது. வணங்கும் திருவுருவைக் காட்சிப்பொருளாக்கும் உத்தரவு! இம்முறை எதிரே நின்றது மஹந்தரல்லர், சர்க்காரே. பௌத்தர்கள் ஆட்சேபம் எழுப்பினர்; பத்திரிகைகளும் கண்டித்தன. சர்க்கார் உத்தரவைத் திரும்பப் பெற்றது. உயர்நீதிமன்றத்தில் தோற்று ஓராண்டும் நிறையாத ஒருவர் முன் சர்க்கார் பின்வாங்கிய இந்நிகழ்ச்சியையே யான் அவருடைய வெற்றிகளுள் தலையாயதாகக் கருதுகின்றேன்.

மஹந்தர் ஓயவில்லை. 1906-இல் அச்சத்திரத்தைக் குறித்தே வழக்குத் தொடுத்தார். அது ஆண்டுக்கணக்கில் நீண்டு, தர்மபாலருக்கு எதிராகவே முடிந்தது.

துவராடை புனைந்த பிக்குவாக அவர் 1933 ஏப்ரல் 29-இல் சாரநாத்தில் காலமானபோதும் ஆலயம் மஹந்தரிடமே இருந்தது. 1949-இல் பீகாரில் இயற்றப்பட்ட சட்டம் நான்கு இந்துக்களும் நான்கு பௌத்தர்களும் கொண்ட குழுவை அமைத்து, ஜில்லா மாஜிஸ்டிரேட்டைத் தலைவராக்கிற்று. 1953-இல் ஆலயம் அக்குழுவின் கைக்கு வந்தது. நிர்வாகம் முழுவதும் பௌத்தரிடமே வேண்டுமென்று 2025-இல் பிக்குகள் அங்கே உண்ணாநோன்பு இருந்தனர்.