இறாலும் டஸ்ட் மைட்டும் சொந்தமா? கணினியிடம் கேட்க வழி செய்த மார்கரெட் டேஹாஃப்!

இறால் சாப்பிட்டா உதடு தடிச்சுப்போற ஃப்ரெண்ட் உங்களுக்கு இருக்காங்களா? அவங்களுக்குத் தலையணைத் தூசியும் ஒத்துக்காம இருக்கலாம். இறாலிலும், வீட்டுத் தூசியில் வாழும் டஸ்ட் மைட் என்ற மிகச் சிறிய உயிரினத்திலும் இருக்கும் டிரோபோமயோசின் என்ற புரதம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. இந்த ஒற்றுமையைக் கணினியிலேயே ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். அதற்குப் பாதை போட்டவர்களில் முக்கியமானவர் மார்கரெட் டேஹாஃப்.

1925-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தார். படித்தது கணிதம். அப்புறம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வேதியியலில் டாக்டர் பட்டம். துளையிட்ட அட்டைகளை இயந்திரத்தில் ஓட்டி மூலக்கூறுகளைக் கணக்குப் போட்டார். கல்யாணம், இரண்டு மகள்கள். 1960-ல் தேசிய உயிர்மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையில் சேர்ந்தார்.

புரதம்ங்கிறது 20 வகை அமினோ அமிலங்களைக் கோத்த மணிமாலை. எந்த மணி எங்கே என்ற விவரம் அப்போது ஆய்விதழ்களில் சிதறிக் கிடந்தது. மார்கரெட் குழு ஒவ்வொன்றாகத் தேடி, சரிபார்த்து, 1965-ல் புத்தகமாகப் போட்டது. மொத்தமே 65 புரதங்கள்தான்! மூன்றெழுத்துப் பெயர்கள் கணினியில் இடத்தை அடைக்குதேன்னு, ஒவ்வொரு மணிக்கும் ஒற்றை எழுத்து கொடுத்தார். உலகம் இன்னைக்கும் அப்படித்தான் எழுதுது. ஒரு மணி இன்னொன்றாக மாற எவ்வளவு வாய்ப்பு என்ற பி.ஏ.எம். அட்டவணை 1978-ல் முழு வடிவம் பெற்றது. இரண்டு புரதங்கள் எவ்வளவு நெருங்கிய சொந்தம்னு மார்க் போடும் முறை அது.

ஆனா, தொகுப்பு வேலையைப் பல விஞ்ஞானிகள் ஆராய்ச்சியாவே மதிக்கலை. நிதிக்கு எப்பவும் திண்டாட்டம். அதனால் தொகுப்பை விலைக்குக் கொடுத்தார். எங்க உழைப்பை வாங்கி விற்கிறாரேன்னு முணுமுணுப்பு கிளம்பியது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்குன்னுதான் தோணுது. 1982-ல் ஜென்பேங்க் என்ற மரபணுத் தகவல் களஞ்சியத்தை நடத்தும் பொறுப்பு வேறு குழுவுக்குப் போனது. 1983 பிப்ரவரியில் மாரடைப்பு. வயது 57.

அவருடைய தொகுப்பு வளர்ந்து, பின்னாளில் யூனிப்ராட் என்ற இலவசத் தளத்தோடு இணைந்தது. இப்போ மரபணு மாற்றுப் பயிர் வருதுன்னா, அதன் புதுப் புரதத்தை ஏற்கெனவே அலர்ஜி தரும் புரதங்களோடு கணினியில் ஒப்பிடுறாங்க. தொடர்ந்து 80 மணிகளில் 35 சதவிகிதத்துக்கு மேல் ஒத்துப்போனா எச்சரிக்கை மணி. அலர்ஜி வரும்னு அதுவே தீர்ப்பு இல்லை. அலர்ஜி உள்ளவர்களின் ரத்தத்தில் சோதிப்பது அதுக்கு அப்புறம்தான்.