அய்யன்காளி: பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர் பள்ளிகளின் தரத்தைச் சோதித்த கதை

திருவனந்தபுரம் மாவட்டத்தில், பாலராமபுரத்திலிருந்து காட்டாக்கடை போகும் வழியில் ஊருட்டம்பலம் என்று ஒரு ஊர். அங்கே உள்ள அரசுப் பள்ளியில் பாதி கருகிய பழைய பெஞ்சு ஒன்றைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சிறுமி வகுப்பில் உட்கார்ந்தாள் என்பதற்காகப் பள்ளிக்கே தீ வைத்தார்கள். அந்தத் தீயில் மிஞ்சியதாகச் சொல்லப்படுவது இந்த பெஞ்சு.

இதில் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் வேறு. சிறுமி அங்கே உட்காரலாம் என்று அரசு ஏற்கெனவே உத்தரவு போட்டிருந்தது. விதி இருந்தது, பள்ளி இருந்தது, கல்வித் துறையும் இருந்தது. விதி நடைமுறைக்கு வந்ததா என்று போய்ப் பார்க்கத்தான் ஆள் இல்லை. சம்பளமோ பதவியோ இல்லாமல் அந்த வேலையைச் செய்தவர் அய்யன்காளி.

அரசுப் பள்ளிகளின் தரத்தை ஒரு மாநிலம் எப்படி நிர்ணயிக்கிறது, எப்படிச் சரிபார்க்கிறது? இந்தக் கேள்விக்கு இன்று இன்டெக்ஸ், டாஷ்போர்டு, கிரேடு என்று பல பதில்கள் உண்டு. ஆனால் கேள்வியின் வேர் அய்யன்காளியின் வாழ்க்கையில் இருக்கிறது.

யார் இந்த அய்யன்காளி?

1863 ஆகஸ்ட் 28 அன்று, விழிஞ்ஞம் அருகே உள்ள வெங்ஙானூரில், புலையர் சமூகத்தில் பிறந்தார். அப்பா அய்யன், அம்மா மாலா. ஊர் அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இந்த இடத்தில் ஒரு மேப் வேண்டும். அன்றைக்கு களியக்காவிளையில் எல்லைச் சோதனைச் சாவடி கிடையாது. நெய்யாற்றின்கரை, பாறசாலை, கொல்லயில் என்று நீளும் ஊர்களும், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்களும் ஒரே அரசின் கீழ் இருந்தன. ஒரே மகாராஜா, ஒரே கல்வித் துறை, ஒரே சட்டம். 1956 நவம்பர் 1 அன்றுதான் நடுவில் மாநில எல்லை வந்தது. எல்லையோர ஊர்களில் இன்றும் தமிழும் மலையாளமும் கலந்தே கேட்கும். ஆகவே இது பக்கத்து மாநிலத்துக் கதை மட்டும் இல்லை, பாதி நம்ம ஊர்க் கதையும்தான்.

புலையர்கள் பொதுச் சாலையில் நடக்க முடியாது, சந்தைக்குள் போக முடியாது, பள்ளிக்கூட வாசலை மிதிக்கவே முடியாது. அய்யன்காளியும் படிக்கவில்லை. 1893-ல் வில்வண்டி ஒன்றை வாங்கி, மாடுகளுக்கு மணி கட்டி, வெள்ளை உடை உடுத்தி, தடை செய்யப்பட்ட பொதுச் சாலையில் ஓட்டிப் போனார். அவர் பெயரை ஊர் அறிந்தது அந்தப் பயணத்தில்தான். பின்னால் பாலராமபுரம் பகுதியில் நடந்தே போக முயன்றபோது அடிதடி வெடித்தது.

சாலை போராட்டத்தில் அவர் கற்றுக்கொண்ட பாடம் எளிமையானது. பொது என்று பெயர் வைத்தால் மட்டும் ஒன்று பொதுவாகிவிடாது. தடுக்கப்பட்டவர் உள்ளே போய்ப் பார்த்தால்தான் தெரியும். அதே சோதனையை அடுத்து அவர் பள்ளிக்கூடத்தில் செய்தார்.

உத்தரவு மேல் உத்தரவு

கல்வி விஷயத்தில் திருவிதாங்கூருக்கு நல்ல பெயர் இருந்தது. 1817-லேயே, ராணி கௌரி பார்வதி பாய் காலத்தில், கல்விச் செலவு அரசின் பொறுப்பு என்று அறிவித்த சமஸ்தானம் அது. 1904-ல், பின்தங்கிய சமூகங்களின் தொடக்கக் கல்விச் செலவு முழுவதையும் ஏற்பதென்று அரசு முடிவெடுத்தது. 1907-ல், தீண்டத்தகாதவர்களாக நடத்தப்பட்ட சமூகங்களின் குழந்தைகளை அரசுப் பள்ளிகளில் சேர்க்கலாம் என்று உத்தரவு வந்தது. 1910-ல் மீண்டும் ஒரு உத்தரவு.

ஏன் மூன்றே ஆண்டில் மறுபடியும்? முதல் உத்தரவை உள்ளூர் அதிகாரிகளும் பள்ளி நடத்தியவர்களும் கண்டுகொள்ளவே இல்லை. தலைநகரில் கையெழுத்தான காகிதம் கிராமத்துப் பள்ளி வாசலை வந்து சேரவில்லை.

இதற்கு முன்பே, 1904-ஐ ஒட்டி, அய்யன்காளி வெங்ஙானூரில் சொந்தமாக ஒரு சிறு பள்ளியைத் தொடங்கினார். அதைக் கொளுத்தினார்கள். திரும்பக் கட்டினார்கள். 1907-ல் சாது ஜன பரிபாலன சங்கம் உருவானது. பள்ளிச் சேர்க்கை அதன் முதன்மையான கோரிக்கைகளில் ஒன்று.

வயலில் யாரும் இறங்காத காலம்

மனு கொடுத்தும் வேலை நடக்காதபோது, சங்கத்தின் கையில் ஒரே ஒரு பலம் இருந்தது. நிலவுடைமையாளர்களின் வயல்களில் உழுவதும் நடுவதும் அறுப்பதும் இவர்கள்தான். எங்கள் பிள்ளைகள் பள்ளிக்குப் போகாதவரை உங்கள் வயலில் இறங்க மாட்டோம் என்ற நிலைக்கு வந்தார்கள்.

கூலி உயர்வும் வேலைப் பாதுகாப்பும் கோரிக்கைப் பட்டியலில் இருந்தன. ஆனால் கல்விக்காகவும் விவசாயத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தியது இந்திய வரலாற்றில் அரிதான நிகழ்வு. நிலவுடைமையாளர்கள் தாங்களே வயலில் இறங்கிப் பார்த்தார்கள், சமாளிக்க முடியவில்லை. தொழிலாளர் வீடுகளில் பட்டினி. கடலோர மீனவர்களுடன் பேசி, தன் மக்களுக்குக் கடல் வேலை கிடைக்க அய்யன்காளி ஏற்பாடு செய்தார். கடைசியில் சமரசப் பேச்சு நடந்தது, கூலி உயர்ந்தது, கோரிக்கைகள் ஏற்கப்பட்டன.

அரசு போட்ட ஒரு உத்தரவை அமல்படுத்தச் சொல்லி, அந்த உத்தரவால் பயன்பெற வேண்டியவர்களே பசியோடு காத்திருந்தார்கள். சரிபார்க்க ஒரு அமைப்பு இல்லாவிட்டால் அதன் செலவு யார் தலையில் விழும் என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டாம்.

'தரம் கெட்டுவிடும்' என்ற வாதம்

1910 உத்தரவை எதிர்த்தவர்கள் எல்லோரும் பழமைவாதிகள் என்று நினைத்தால் தவறு. நெய்யாற்றின்கரையில் பிறந்த 'சுதேசாபிமானி' ராமகிருஷ்ண பிள்ளை, திவான் ராஜகோபாலாச்சாரியின் நிர்வாகத்தைத் துணிந்து விமர்சித்த பத்திரிகையாளர். அதற்காக 1910 செப்டம்பரில் நாடு கடத்தப்பட்டார். கேரளப் பத்திரிகை உலகம் இன்றும் கொண்டாடும் பெயர் அது.

அதே ஆண்டு அவருடைய பத்திரிகை இந்தப் பள்ளிச் சேர்க்கையை எதிர்த்து எழுதியது. படிப்புப் பழக்கம் உள்ள வீட்டுப் பிள்ளைகளையும் வயல் வேலை செய்யும் வீட்டுப் பிள்ளைகளையும் ஒரே வகுப்பில் வைத்துப் பாடம் நடத்துவது சரிவராது என்பதுதான் வாதத்தின் சாரம்.

இன்றைய பாஷையில் சொன்னால், இது ஒரு 'குவாலிட்டி' வாதம். யாரையும் வெறுக்கிறேன் என்று அது சொல்லாது. வகுப்பின் தரம் என்ன ஆகும் என்று மட்டும் கேட்கும். ஆகவே 'தரம்' என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் ஒரு துணைக் கேள்வி தேவைப்படுகிறது: யாரை உள்ளே வைத்து அளந்த தரம் இது? வெளியே நிறுத்தப்பட்ட குழந்தை அந்தச் சராசரியில் இருக்காது. சராசரி அழகாகத்தான் தெரியும்.

சபையில் ஒரு ரிப்போர்ட்

1911 கடைசியில் அரசு அய்யன்காளியை ஸ்ரீமூலம் பிரஜா சபைக்கு நியமித்தது. 1912-ல் முதல்முறையாக அங்கே பேசினார். இருபது ஆண்டுகளுக்கும் மேல் உறுப்பினராக இருந்தார். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர், பட்டதாரிகளும் நிலவுடைமையாளர்களும் உட்கார்ந்திருந்த சபையில், திரும்பத் திரும்ப மூன்று விஷயங்களைக் கொண்டுவந்தார்: குடியிருக்க நிலம், பள்ளியில் இடம், கல்விக் கட்டணச் சலுகை.

சபைக்கு அதிகாரம் குறைவு. ஆனால் களத்தில் கண்டதை அரசின் முன்னால் பதிவு செய்ய ஒரு இடம் கிடைத்தது. இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் செய்ய வேண்டிய வேலையை அவர் தன் பேச்சால் செய்தார்.

பஞ்சமி உட்கார்ந்த நாள்

கொல்லம் ஆண்டு 1090, அதாவது 1914-15. பஞ்சமி என்ற சிறுமியைக் கூட்டிக்கொண்டு அய்யன்காளி ஊருட்டம்பலம் பள்ளிக்குப் போனார். கையில் அரசு உத்தரவின் பலம் இருந்தது. சிறுமி பெஞ்சில் உட்கார்ந்தாள். மற்ற பிள்ளைகளை வெளியே கூட்டிப் போனார்கள். மோதல் வெடித்தது. பள்ளிக்குத் தீ வைத்தார்கள். கலவரம் சுற்றுவட்டார ஊர்களுக்கும் பரவி, புலையர் குடிசைகள் தாக்கப்பட்டன. ஆண்டுக் கணக்கை வைத்தே 'தொண்ணூறாம் ஆண்டுக் கலகம்' என்று அதற்குப் பெயர் வந்தது.

இதை வீர சாகசமாகச் சொல்வது சுலபம். ஆனால் ஒரு சின்னப் பெண், அரசு விதி உண்மையா பொய்யா என்று சோதிக்கும் கருவியாக நிற்க வேண்டி வந்தது. அந்தச் சோதனையில் அவள் தோற்கவில்லை, தோற்றது பள்ளி.

சேர்த்தால் போதுமா?

பழைய பள்ளிகள் திறக்கவில்லை என்றால் புதிதாக ஒன்று வேண்டும். வெங்ஙானூரில் புலையர் குழந்தைகளுக்காகப் பள்ளி வந்தபோது அடுத்த சிக்கல் எழுந்தது: ஆசிரியர் கிடைக்கவில்லை. சாதி இந்து ஒருவர் அங்கே போய்ப் பாடம் நடத்தினால் அவர் ஊரில் தலைகாட்ட முடியாத காலம். திருவனந்தபுரம் கைதமுக்கைச் சேர்ந்த பரமேஸ்வரன் பிள்ளை துணிந்து வந்தார். அவர் பத்திரமாக வந்து போக அய்யன்காளியின் ஆட்கள் காவலுக்குப் போனார்கள்.

கட்டடம், சேர்க்கை, ஆசிரியர், பாதுகாப்பு. பள்ளியின் தரத்துக்குத் தேவையான நான்கையும் அவர் ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்தார். ஐந்தாவது, படிப்பின் விளைவு. 1937 ஜனவரியில் காந்தி வெங்ஙானூர் வந்தபோது அய்யன்காளி தெரிவித்த ஆசை, சாவதற்குள் தன் சமூகத்தில் பத்து பி.ஏ. பட்டதாரிகளைப் பார்க்க வேண்டும் என்பது. எண்ணோடு சொல்லப்பட்ட இலக்கு. இன்றைக்கு நாம் 'லேர்னிங் அவுட்கம்' என்று சொல்வதை அவர் தலை எண்ணிக் கேட்டார்.

1941 ஜூன் 18 அன்று காலமானார். 1980-ல் திருவனந்தபுரம் வெள்ளயம்பலத்தில் அவர் சிலையை இந்திரா காந்தி திறந்து வைத்தார். 2022 டிசம்பரில் ஊருட்டம்பலம் பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி இருவரின் நினைவாகப் பெயர் சூட்டப்பட்டது.

இப்போ எப்படி அளக்கிறார்கள்?

1910 உத்தரவுக்கு நூறு ஆண்டு கழித்து, 2010 ஏப்ரல் 1 அன்று கல்வி உரிமைச் சட்டம் அமலுக்கு வந்தது. அதன் இணைப்பு அட்டவணைதான் ஒரு பள்ளிக்கான குறைந்தபட்சத் தரப் பட்டியல். தொடக்கப் பள்ளியில் 60 குழந்தைகள் வரை 2 ஆசிரியர்கள், ஆண்டுக்கு 200 வேலை நாட்கள், 800 மணி நேரப் பாடம். நடுநிலை வகுப்புகளுக்கு 220 நாட்கள், 1,000 மணி நேரம். பின்தங்கிய பிரிவுக் குழந்தைகள் பாகுபாட்டுக்கு ஆளாகாமல் பார்த்துக்கொள்வது அரசின் கடமை என்று சட்டமே சொல்கிறது.

கேரளாவில் சரிபார்ப்பு வெவ்வேறு மட்டங்களில் நடக்கிறது. பள்ளி திறந்த ஆறாவது வேலை நாளில் மாணவர் தலையெண்ணிக்கை எடுத்து, அதை வைத்து ஆசிரியர் பணியிடங்களை முடிவு செய்கிறார்கள். உதவிக் கல்வி அதிகாரியும் மாவட்டக் கல்வி அதிகாரியும் மேற்பார்வை பார்க்கிறார்கள். கற்றல் அளவைத் தேசிய அளவிலான தேர்வுகள் பார்க்கின்றன. 2024 டிசம்பரில் 3, 6, 9 வகுப்புகளுக்கு அப்படி ஒன்று நடந்தது.

மாநிலங்களை ஒப்பிட மத்தியக் கல்வி அமைச்சகம் ஒரு செயல்திறன் தரவரிசைக் குறியீட்டை வெளியிடுகிறது. அதன் முதல் வடிவத்தில் 70 குறிகாட்டிகள், மொத்தம் 1,000 புள்ளிகள். பங்கீடு இப்படி:

- நிர்வாகச் செயல்பாடு: 360
- சமத்துவம்: 230
- கற்றல் விளைவு: 180
- உள்கட்டமைப்பு: 150
- பள்ளிக்கான அணுகல்: 80

2020-21-ல் கேரளா 928 புள்ளிகளுடன் முன்வரிசையில் இருந்தது. பெரிய சாதனைதான். ஆனால் பட்டியலை ஒருமுறை திரும்பப் பாருங்கள். அதிகப் புள்ளி நிர்வாகத்துக்கு. வருகைப் பதிவு, தகவல் பதிவேற்றம், நிதி விடுவிப்பு போன்றவை அதில் வருகின்றன. இவை தேவை. ஆனால் இவற்றில் பெரும்பகுதி பள்ளியும் துறையும் தங்களைப் பற்றித் தாங்களே கொடுக்கும் தகவல்.

1907-ல் திருவிதாங்கூருக்கு இப்படி ஒரு குறியீடு இருந்திருந்தால், உத்தரவு பிறப்பித்ததற்கே நல்ல புள்ளி கிடைத்திருக்கும். வெளியே நின்ற பஞ்சமிகள் எந்தக் கட்டத்திலும் வந்திருக்க மாட்டார்கள். சமத்துவத்துக்கு ஒதுக்கிய 230 புள்ளி அந்தக் குறையைச் சரிசெய்யும் முயற்சி. பட்டியல் சாதிக் குழந்தைகளுக்கும் பிறருக்கும் இடையிலான கற்றல் இடைவெளி அதில் அளக்கப்படுகிறது. மாநிலத்தின் மொத்த ஸ்கோரைப் பார்க்கும்போது இந்தப் பகுதியைத் தனியாகப் பிரித்துப் பார்ப்பது நல்லது.

நீங்கள் என்ன செய்யலாம்?

அய்யன்காளி செய்ததில் ஒரு பகுதி இன்று சட்டப்படி நம் கையிலேயே இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள் இருக்க வேண்டும். பள்ளியின் வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பதும் செயல்பாட்டைக் கண்காணிப்பதும் அந்தக் குழுவின் வேலை. ஒவ்வொரு பள்ளியின் ஆசிரியர் எண்ணிக்கை, வகுப்பறை, கழிப்பறை விவரங்கள் மத்திய அரசின் 'யுடைஸ் பிளஸ்' தளத்தில் இருக்கின்றன.

நீங்கள் படித்த அரசுப் பள்ளியை அதில் தேடிப் பாருங்கள். விவரத்தைக் குறித்துக்கொண்டு, அடுத்த முறை ஊருக்குப் போகும்போது நேரில் ஒருமுறை போய் வாருங்கள். தளத்தில் மூன்று ஆசிரியர் என்று இருந்தால், வகுப்பில் மூன்று பேர் இருக்கிறார்களா? கழிப்பறை பூட்டியிருக்கிறதா, திறந்திருக்கிறதா? கடைசி பெஞ்சில் யார் உட்காருகிறார்கள்?

அய்யன்காளி இந்தக் கேள்விகளைக் கேட்டபோது பள்ளிக்குத் தீ வைத்தார்கள். இன்று கேட்பவருக்குப் பதில் சொல்ல வேண்டியது பள்ளியின் கடமை.