யார் இந்த கித்தேரி முத்து? பெரியார் பட்டம் கொடுத்த வடசென்னை பாக்ஸர்!

2021-ல் வந்த ‘சார்பட்டா பரம்பரை’ படம் பார்த்தவர்களுக்கு வடசென்னை பாக்ஸிங் தெரிந்திருக்கும். ஆனால், படத்தில் வரும் 1970-களுக்கு வெகுமுன்பே நிஜ சார்பட்டாவில் ஒரு ஹீரோ இருந்தார். அவர்தான் கித்தேரி முத்து.

துறைமுகத்தை ஒட்டிய ராயபுரம் பகுதிக்கு வெள்ளைக்காரர்கள் மூலம் வந்த ஆட்டம் இது. நம்மாட்கள் வைத்த பெயர், ரோஷமான ஆங்கிலக் குத்துச்சண்டை. சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் எனப் பரம்பரை பரம்பரையாகப் பிரிந்து மோதினார்கள். தோற்றால் ஆளுக்கு மட்டுமல்ல, மொத்த பரம்பரைக்கே மானப் பிரச்னை!

1940-களில் மெட்ராஸ் ரிங்கில் கெத்தாக வலம் வந்தவர் ஆங்கிலோ இந்திய பாக்ஸர் நாட் டெரி. அவரை வீழ்த்திக் காட்டினார் முத்து. வெள்ளைக்காரர்கள் கற்றுக்கொடுத்த ஆட்டத்தில் உள்ளூர்க்காரர் ஜெயித்தது சாதாரண விஷயமாகப் பார்க்கப்படவில்லை. அவருக்கு ‘திராவிட வீரன்’ பட்டம் கொடுத்துப் பாராட்டினார் பெரியார்.

இன்றும் சார்பட்டா பற்றிப் பேச்சு எடுத்தால், முத்து பெயர் வராமல் இருக்காது.