புரதங்களை எழுத்தெண்ணிப் படித்தவர்

உயிர்களின் உடலை இயக்கும் புரதங்கள், இருபது வகை அமினோ அமிலங்களால் ஆன கோவைகள். அக்கோவையின் வரிசையை வகுப்பவை மரபணுக்கள். அவ்வரிசைகளைக் கணினிகொண்டு ஆராயும் துறைக்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவர் மார்கரெட் டேஹாஃப்.

1925ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் பிறந்த அவர், கணிதம் பயின்றபின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றார். துளையட்டைப் பொறிகளால் மூலக்கூறுகளின் ஆற்றலைக் கணக்கிட்டதே அவர்தம் ஆய்வு. பின்னர்ப் பெண்மக்கள் இருவரை வளர்க்கும்பொருட்டுச் சில ஆண்டுகள் ஆய்வுலகைவிட்டு விலகியிருந்தார்.

1960இல் மேரிலாந்து மாநிலத்தின் தேசிய உயிர்மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையில் இணைந்தார். அக்காலத்தில் புரதத்தைச் சிறுசிறு துண்டுகளாக்கியே அதன் வரிசையை அறிந்தனர். அத்துண்டுகளை முறைப்படி மீண்டும் கோப்பது கடும்பணி. இராபர்ட் லெட்லியுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய கணினி நிரல் அதனை எளிதாக்கியது.

1965இல், ஆய்விதழ்களில் சிதறிக்கிடந்த 65 புரதங்களின் வரிசைகளைத் திரட்டி நூலாக வெளியிட்டார். மூன்றெழுத்துக் குறியீடுகள் மிகுந்த இடத்தை அடைத்தமையால், ஒவ்வோர் அமினோ அமிலத்திற்கும் ஓரெழுத்தே அமைத்தார். வெவ்வேறு உயிர்களின் புரதங்களை ஒப்பிட்டு, அவற்றின் பரிணாம உறவுகளையும் கணித்தார்.

பிறர் கண்டறிந்தவற்றைத் தொகுப்பது ஆராய்ச்சியாகாது எனக் கருதியோர் இருந்தனர்; நிதியும் எளிதிற் கிட்டவில்லை. 1982இல் அமெரிக்க அரசு தொடங்கிய மரபணு வரிசைக் களஞ்சியப் பொறுப்பும் அவருடைய நிறுவனத்திற்குக் கிடைக்கவில்லை. மறு ஆண்டு பிப்ரவரியில், தம் 57ஆம் அகவையில் அவர் மறைந்தார்.

அவர் அமைத்த ஓரெழுத்துக் குறியீடோ, புரதத்தைப் பயிலும் ஆய்வகங்களிலெல்லாம் இன்றும் எழுதப்படுகிறது.