திருக்காவலூர்க் குருவானவர்

வீரமாமுனிவர் என்னும் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் நம் மாணவர் உள்ளத்தில் எழுவன தேம்பாவணியும் சதுரகராதியுமே. 1968-ஆம் ஆண்டில் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் அவர்க்குச் சிலை நிறுவியதும் அவர் புலமையைப் போற்றியேயாம். அது தகும். ஆயினும் முனிவர் இந்நாட்டிற்குப் புலவராக வந்தவரல்லர். குருவாக வந்தார், குருவாகவே இறந்தார். முப்பத்தைந்து ஆண்டுகளாகப் பூசை நிறைவேற்றுதலும், பாவசங்கீர்த்தனம் கேட்டலும், ஞானஸ்நானம் அளித்தலும், சிதறிக் கிடந்த கிறிஸ்தவர்களைத் தேடிச் சென்று காத்தலுமே அவருடைய தொழிலாயிருந்தன. நூல்களோ அத்தொழிலின் இடையே, பெரும்பாலும் அத்தொழிலின் பொருட்டே, பிறந்தவை. ஆதலின் அவரை ஏலாக்குறிச்சிக் குருவானவராக வைத்து நோக்குவதே இங்கு நமது கருத்து.

கொன்ஸ்தந்தீன் ஜோசப் பெஸ்கி என்பது அவர்தம் இயற்பெயர். இத்தாலிய தேசத்தில் மாந்துவா நகர்க்கு அண்மையிலுள்ள காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 8-ஆம் நாள் பிறந்தார். சேசுசபையாரின் இளம் அர்ச்சியசிஷ்டரான ஞானப்பிரகாசியார் பிறந்த ஊரும் அதுவே. தம் ஊரார் ஒருவர் சென்ற வழியே தாமும் சென்று, 1698-இல் அச்சபையிற் சேர்ந்து, 1709-இல் குருப்பட்டம் பெற்றார். மறு ஆண்டே லிஸ்பன் துறைமுகத்தில் மரக்கலமேறிக் கோவா வந்திறங்கி, 1711-இல் மதுரை மிசியோனை அடைந்தார். அப்போது அவருக்கு வயது முப்பது. தாய்நாட்டை அவர் மீண்டும் கண்டதில்லை.

மதுரை மிசியோன் என்பதை ஒரு நகரத்து மடமாக எண்ணிவிடலாகாது. 1606-இல் தத்துவ போதகராகிய ராபர்ட் தெ நோபிலி சுவாமிகள் மதுரையில் தொடங்கிய அவ்வேலை நூறாண்டில் தமிழகத்தின் பெரும்பகுதியிற் பரவியிருந்தது. குருமாரோ மிகச் சிலர். ஒருவர் பொறுப்பில் இருந்த நிலப்பரப்பு இக்காலத்துப் பங்குகள் பலவற்றை உள்ளடக்கும். காவி உடுத்து, புலால் நீக்கி, சந்நியாசிகளைப்போல் வாழ்ந்து அவர்கள் ஊர் ஊராய்த் திரிந்தனர். பெஸ்கி சுவாமிகளும் அவ்வாறே நெல்லைச் சீமையில் காமநாயக்கன்பட்டி, கயத்தாறு முதலிய இடங்களில் தம் ஊழியத்தைத் தொடங்கினார். அங்கேதான் குருக்கள்பட்டியில் எதிரிகள் கையில் அகப்பட்டு, கொலைத் தீர்ப்புக்கும் ஆளாகித் தப்பினார் என்று வரலாற்றாசிரியர் எழுதுவர். கொன்ஸ்தந்தீன் என்னும் பெயர் நிலைபெயராமையைக் குறிப்பதாகலின், அதற்கியையத் தைரியநாதர் என்று அவர் அழைக்கப்பட்டார். வீரமாமுனிவர் என்பது அப்பெயரைச் செந்தமிழாக்கியது போலும்.

தமிழை அவர் கற்ற வரலாறு பலவாறு சொல்லப்படும். சுப்பிரதீபக் கவிராயர் அவர்க்கு ஆசிரியராயிருந்தார் என்பது வழிவழிச் செய்தி. எவரிடம் கற்றாரேனும், முப்பது வயதுக்குமேல் தொடங்கிய மொழியில் நாற்பத்தாறாம் வயதில் பெருங்காப்பியம் முடிப்பதென்பது இடையறாத உழைப்பின்றி ஆவதொன்றன்று.

1720-க்குப் பின்னர் அவருடைய வாழ்க்கை கொள்ளிடத்தின் வடபால் உள்ள ஏலாக்குறிச்சியோடு பிணைந்தது. அவ்வூரின் அமைப்பை அறிந்தாலன்றி அவருடைய நூல்களின் சூழ்நிலை விளங்காது. கொள்ளிடத்திற்குத் தெற்கே தஞ்சை மராட்டிய மன்னரின் ஆட்சி. அங்கே 1701-இல் சகஜி மன்னர் காலத்தில் கிறிஸ்தவர்கள்மேல் கடுங்கலாபனை மூண்டது, கோயில்கள் இடிக்கப்பட்டன, குடும்பங்கள் வீடு வாசல் இழந்து ஓடின. ஆற்றைக் கடந்து அரியலூர்ப் பாளையத்தின் காட்டுப்புறத்தை அடைந்தவர்க்கு ஓரளவு அச்சம் நீங்கிற்று. அத்தகையோர்க்குப் புகலிடமான ஊர் ஏலாக்குறிச்சி. முனிவர் அங்கே தேவமாதாவுக்கு ஆலயம் எடுத்து, அடைக்கலமாதா என்று பெயரிட்டு, ஊரையும் திருக்காவலூர் என வழங்கினார். அடைக்கலம், காவல் என்னும் இவ்விரண்டு சொற்களையும் வெறும் அலங்காரமாக நாம் கொள்ளலாகாது. ஆற்றைக் கடந்து வந்த ஏழைகளுக்கு அவை நேர்ப்பொருளாகவே இருந்தன. அவ்வன்னைமேல் அவர் பாடிய திருக்காவலூர்க் கலம்பகத்தைப் படிப்பார் இதனை நினைவிற் கொள்வாராக.

விருத்தாசலத்திற்கு அருகிலுள்ள கோணான்குப்பத்தில் அவர் எழுப்பிய பெரியநாயகி ஆலயமும் இவ்வகையதே. அங்கு மாதாவைத் தமிழ்நாட்டுப் பெண்மணியின் கோலத்தில் சமைத்தமை, அயல்நாட்டுக் கோயிலில் நிற்கிறோம் என்னும் கூச்சம் அடியார்க்கு நேராதவாறு காத்தது.

இனி நூல்களைப் பார்ப்போம். குரு ஒருவர், ஊர்களோ எண்ணிறந்தன. பூசைக்காக ஓர் ஊருக்குச் சென்ற குரு அங்கு மீண்டும் செல்லப் பல திங்கள் ஆகலாம். இடைக்காலத்தில் செபம் சொல்லிக் கொடுக்கவும், சாவோர்க்குத் துணை நிற்கவும், ஆபத்தில் இருக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கவும் உபதேசியார்களாகிய வேதியரே இருந்தனர். வேதியர் நல்லவரானால் ஊர் நிலைக்கும். கெட்டால் ஊரே கெடும். இதனை உணர்ந்தே 1727-இல் வேதியர் ஒழுக்கம் என்னும் உரைநடை நூலை முனிவர் எழுதினார். அதில் புலமையைக் காட்டும் நோக்கம் சிறிதுமில்லை. தம் கீழ் உழைப்பவர்களோடு எதிரே அமர்ந்து பேசுகின்ற குருவின் குரலே கேட்கின்றது. தேம்பாவணியைப் போற்றுவார் பலர் இச்சிறு நூலை எடுத்துப் பார்ப்பதுமில்லை. அவர்தம் நெஞ்சை அறிய விரும்புவார்க்கு நாம் முதலில் கையிற் கொடுப்பது இதுவே.

பெண்டிர் பாடி மகிழும் அம்மானை வடிவிலே கித்தேரியம்மாள் என்னும் வேதசாட்சியின் சரிதையை அவர் பாடியதும் அக்கருத்துப் பற்றியே. ஏடு படியாதார் காதால் கேட்டு மனத்தில் இருத்துதல் வேண்டும் அன்றோ? தேம்பாவணியும் தன்னளவில் இந்நோக்கத்திற்குப் புறம்பானதன்று. 1726-இல் முடிவுற்ற அந்நூல் மூன்று காண்டங்களும் முப்பத்தாறு படலங்களும் 3615 விருத்தங்களும் உடையது. அர்ச்சியசிஷ்ட சூசையப்பரை வளன் என்னும் பெயரால் தலைவராகக் கொண்டது. இராமகாதையும் புராணங்களும் ஊர்தோறும் படிக்கப்பட்ட நாட்டில், தம் மக்கள் பிறர்க்குத் தாழாமல் எடுத்தோதத்தக்க ஒரு காவியத்தை அவர் அளித்தார். மன்னரையன்றித் தச்சுத்தொழில் செய்த ஓர் ஏழையைக் காப்பியத் தலைவராக்கியது நம் கருத்தில் அவர் செய்த துணிவான செயல். ஞானப்பிரகாசியார்க்கு ரோமாபுரியில் அர்ச்சியசிஷ்டப் பட்டம் அளிக்கப்பட்டதும் அதே 1726-ஆம் ஆண்டிறுதியில் என்பது நினைக்க இனிது.

தரங்கம்பாடியில் 1706 முதல் சீகன்பால்கு ஐயரும் அவர் வழிவந்தோரும் லுத்தரன் சமயத்தைப் போதித்து, அச்சுக்கூடம் அமைத்துத் தமிழ்ப் புத்தகங்களை வெளியிட்டு வந்தனர். தம் மந்தை கலங்குதல் கண்டு முனிவர் வேத விளக்கம் முதலிய மறுப்பு நூல்களை எழுதினார். இக்காலத்து மனப்பான்மையோடு அவற்றைப் படித்தால் சில இடங்கள் மிகவும் காரமாகவே தோன்றும். எதிர்த் தரப்பாரும் அதே காரத்தோடுதான் எழுதினர். ஆனால் ஒன்று வியப்பிற்குரியது. புதிதாக வரும் குருமார் மக்கள் பேச்சை விளங்கிக்கொள்ளும்படி இலத்தீனில் அவர் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738-இல் அச்சிட்டவர்கள் அத்தரங்கம்பாடியாரே! வேதத்தில் மாறுபட்டவர் தமிழில் அவரை ஆசிரியராகக் கொண்டனர்.

ஐந்திலக்கணமும் கூறும் தொன்னூல் விளக்கம் 1730-இலும், பெயர், பொருள், தொகை, தொடை என நால்வகைப்பட்ட சதுரகராதி 1732-இலும் எழுந்தன. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனாக்கினார். காமத்துப்பாலை விட்டமை துறவிக்கு இயல்பே. எகர ஒகரங்களில் குறில் நெடில் வேற்றுமை ஏட்டுப் பிரதிகளில் புள்ளியைச் சார்ந்தே நின்றது. ஓலையிற் புள்ளியிடுவாரோ அரியர். நெட்டெழுத்துக்களுக்கு அவர் வேறு வடிவம் வகுத்ததனால் அம்மயக்கம் ஒழிந்தது. ஏ, ஓ என்று நாம் எழுதுந்தோறும் அவர் கைவண்ணத்தையே ஆளுகின்றோம். பரமார்த்த குருவையும் மட்டி, மடையன் முதலிய ஐந்து சீடரையும் பற்றி நகைக்காத தமிழ்ப்பிள்ளை இல்லை. குருவைப்பற்றி நகைக்கும் கதையைக் குருவே எழுதினார் என்பதைப் பிள்ளைகள் அறிவரோ?

1822-இல் முத்துசாமிப் பிள்ளை முனிவரின் சரித்திரத்தை எழுதினார். அதில் பல்லக்கு, பரிவாரம், திவான் உத்தியோகம் என்று செல்வச் சிறப்புகள் பல வருகின்றன. திருச்சிராப்பள்ளியை ஆண்ட சந்தாசாகிபுவோடு அவர்க்குப் பழக்கம் இருந்தமை உண்மை. தம் கிறிஸ்தவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டியே அவரை நாடினார். திவான் பதவியை ஆராய்ச்சியாளர் ஏற்பதில்லை. நாமும் ஏற்க விரும்புகிலோம். காட்டூரில் வேதியர்க்குப் பாடம் சொன்னவரைச் சபாமண்டபத்தில் அமர்த்துவது அவருக்குப் பெருமை கூட்டுவதாகத் தோன்றவில்லை.

1741-இல் மராட்டியர் திருச்சியைப் பிடித்துச் சந்தாசாகிபுவைச் சிறைகொண்டு சென்றனர். நாடு போரால் அலைப்புண்டது. முதுமை எய்திய முனிவர் தெற்கு நோக்கிச் சென்று, இறுதியில் மலையாள நாட்டு அம்பலக்காட்டில் இருந்த சேசுசபை மடத்தை அடைந்தார். அந்தாம் தெ புரோயென்சா சுவாமிகளின் தமிழ்–போர்த்துக்கேய அகராதி 1679-இல் அச்சேறிய இடம் அதுவே. அங்கே 1747-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 4-ஆம் நாள், அறுபத்தாறாம் வயதில், முனிவர் காலஞ்சென்றார். தேம்பாவணி அப்போது ஓலையில்தான் இருந்தது. புதுச்சேரி மிசியோன் அச்சுக்கூடத்தார் 1851-இல் அதனை வெளியிடத் தொடங்கும்வரை, நூறாண்டுக்கு மேலாக, அன்பர்கள் அதனை ஏட்டில் பெயர்த்தெழுதிக் காத்தனர்.