குழந்தைகளுக்கு எண் சொன்ன கவிஞர்

தேசத்துக்காகப் பாடியவர்களை நாம் மறப்பதில்லை. சிலை வைக்கிறோம், வருஷந்தோறும் விழா எடுக்கிறோம். பால்பல் விழாத பிள்ளைகளுக்காகப் பாடியவரைப் பற்றி மட்டும் நமது பொது மேடைகளில் ஒரு வார்த்தை கேட்பது அரிதாயிருக்கிறது. காலஞ்சென்ற அழ. வள்ளியப்பா அவர்களின் சரித்திரத்தை இன்று நாம் எழுத முற்படுவது அக்குறையைக் கருதியே. கம்பம் பள்ளத்தாக்கிலுள்ள நண்பர்கள் இதைச் சற்று ஊன்றிப் படிக்க வேண்டுமென்பது நமது விருப்பம். காரணத்தைப் பின்னால் கூறுவோம்.

அவர் 1922-ம் வருஷம் நவம்பர் 7-ந் தேதி, அன்றைய புதுக்கோட்டை சமஸ்தானத்தைச் சேர்ந்த இராயவரத்தில் பிறந்தார். நகரத்தார் குலம். கணக்குக்குப் பெயர்போன அந்த ஜனங்களின் மத்தியில் பிறந்த பிள்ளை எண்ணைப் பாட்டாக்கியதில் ஆச்சரியமில்லை என்று சிலர் நினைக்கலாம். நமக்கு அது ஆச்சரியமாகவே தோன்றுகிறது. ஏனெனில் நமது பழைய திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண் என்றால் பிள்ளைகளுக்கு நடுக்கம். முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒரு பங்கு, காணி என்பது எண்பதில் ஒரு பங்கு, மா என்பது இருபதில் ஒரு பங்கு என்று எண்சுவடியை மனப்பாடம் செய்து, சட்டாம்பிள்ளையிடம் முறை ஒப்பிக்கவேண்டும். தவறினால் பிரம்பு. அந்த முறையில் தேறியவர்கள் மனக்கணக்கில் சூரர்களானார்கள் என்பது வாஸ்தவம். தேறாதவர்கள் மாடு மேய்க்கப் போனார்கள். அவர்களின் தொகையை யாரும் எழுதி வைக்கவில்லை.

செய்யுளில் கணக்குச் சொல்வது தமிழுக்குப் புதிதன்று. காரிநாயனாரின் கணக்கதிகாரத்தில், பலாப்பழத்தை அறுக்காமலேயே, காம்பைச் சுற்றியுள்ள முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி ஐந்தால் வகுத்துச் சுளைகளின் தொகையை அறிய வழி சொல்லியிருக்கிறது. அழகான யுக்திதான். ஆனால் அது வளர்ந்தவர்களுக்கான வித்தை. நான்கு வயதுக் குழந்தை தன் நாவில் உருட்டி விளையாடத்தக்க எண்ணுப் பாட்டுக்குத் தமிழ் நெடுநாள் காத்திருந்தது. வீட்டில் தாய்மாரும், தெருவில் அஞ்சாங்கல் ஆடும் பெண் குழந்தைகளும் பாடியவை இருந்தன. அவற்றைப் புலவர்கள் இலக்கியமென்று ஏற்கவில்லை. 1915-ல் பாரதியார் பாப்பாவுக்குப் பாடினார். பின்னர்க் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை பசுவையும் கன்றையும் குழந்தையின் கண் கொண்டு பார்த்துப் பாடினார். அவர்கள் வெட்டிய பாதையில், வாழ்நாள் முழுவதும் வேறெங்கும் திரும்பாமல் நடந்தவர் வள்ளியப்பா.

1940-ல் அவர் சென்னைக்கு வந்து, வை. கோவிந்தனின் சக்தி காரியாலயத்தில் பணம் வாங்கி வைக்கும் வேலையில் அமர்ந்தார். அங்கே ஆசிரியராயிருந்த தி. ஜ. ர. இந்த இளைஞரின் கையில் எழுத்து இருப்பதைக் கண்டு தூண்டிவிட்டார். அடுத்த வருஷமே இந்தியன் பாங்கியில் உத்தியோகம் கிடைத்தது. அர்பத்நாட் கம்பெனி 1906-ல் முறிந்து எண்ணற்ற குடும்பங்களின் சேமிப்பை விழுங்கியபின், சுதேசி உணர்ச்சியின் வேகத்தில் 1907-ல் நம்மவர் தோற்றுவித்த பாங்கி அது என்பதை வாசகர்கள் அறிவார்கள். பகலில் அங்கே பிறர் பணத்தை எண்ணியவர், மற்ற நேரத்தில் குழந்தைகளுக்காக அசைகளை எண்ணினார். யுத்தத்தினால் காகிதத்துக்குக் கடுமையான தட்டுப்பாடு நிலவிய 1944-ல், 23 பாட்டுக்களடங்கிய ‘மலரும் உள்ளம்’ என்ற சிறு புத்தகம் வெளிவந்தது.

அவருடைய பாட்டுக்களில் ஒன்றை மட்டும் இங்கே சற்று ஆராய்வோம். ஒரு வட்டத் தட்டு. அதில் எட்டு லட்டு. கிட்டு என்னும் பையன் பாதியை வைத்துவிட்டு மற்றதை எடுத்துக்கொள்கிறான். வைத்ததை அவன் தங்கை பட்டு தின்று தீர்க்கிறாள். தட்டுக் காலி. கதை இவ்வளவே. ஒவ்வோர் அடியும் ஒரே ஓசையில் முடிவதால், ஒரு முறை கேட்ட குழந்தை மறுமுறை தானே அடுத்த அடியைப் பிடித்துக்கொள்கிறது. அதற்குள் எத்தனை கணக்கு அடங்கியிருக்கிறது பாருங்கள்! எட்டில் பாதி நான்கு. நான்கும் நான்கும் எட்டு. எட்டில் எட்டுப் போனால் ஒன்றுமில்லை. சூனியம் என்ற கடினமான தத்துவம் வெறுந்தட்டாகக் கண்முன் நிற்கிறது. இவ்வளவுக்கும் கூட்டல் என்றோ கழித்தல் என்றோ ஒரு சொல் கிடையாது. பக்கத்தில் சித்திரமும் இருந்துவிட்டால், எழுத்தறியாத குழந்தை விரலை வைத்து எண்ணிக்கொண்டே பாடும்.

வேறொன்றையும் கவனிக்கவேண்டும். அண்ணன் எடுத்ததும் நான்கு, தங்கைக்குக் கிடைத்ததும் நான்கு. ஆண் பிள்ளைக்கு ஒன்று கூடுதலாகக் கொடுக்கும் வழக்கமுள்ள நமது வீடுகளில் இந்தச் சமபாகம் சாமானிய விஷயமன்று. கவிஞர் அதை உபதேசமாகச் சொல்லவில்லை. கணக்கு அப்படித்தான் வருகிறது.

இதற்கு நேராக, நமது ஊர்களில் ஆங்கிலப் பள்ளிக்கூடமென்று பெயர் சூட்டிக்கொண்ட இடங்களில் குழந்தைகள் ஒப்பிக்கும் எண்ணுப் பாட்டை வைத்துப் பார்க்கலாம். ஒன்று, இரண்டு என்று தொடங்கியதுமே அது காலணியின் வாரை மாட்டச் சொல்கிறது. குளிர் தேசத்துக் குழந்தைக்கு அது பொருந்தும். வரப்பில் வெறுங்காலோடு நடக்கும் பிள்ளைக்கு அதில் என்ன இருக்கிறது? ஆங்கிலத்தின்மீது நமக்குப் பகையில்லை. முதல் பத்து எண்களையாவது குழந்தை தான் கண்ட பொருள்களைக் கொண்டு கற்கட்டும் என்கிறோம்.

வள்ளியப்பா தாம் எழுதியதோடு திருப்தியடைந்தவரல்லர். 1950-ல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தோற்றுவித்தார். ‘பூஞ்சோலை’யையும், பிற்காலத்தில் ‘கோகுல’த்தையும் ஆசிரியராயிருந்து நடத்தினார். காந்தியடிகளின் சரித்திரத்தைப் பிள்ளைகளுக்கென்று பாட்டிலேயே சொன்னார். நமது நதிகளைப் பற்றி அவர் எழுதிய நூல் இந்திய பாஷைகள் பலவற்றிலும் வெளிவந்தது.

அவருடைய முடிவு மதுரையில் நேர்ந்தது. 1989 மார்ச் 16-ந் தேதி காமராசர் பல்கலைக்கழகக் கூட்டத்தில், குழந்தை இலக்கியத்தைப் பாடமாக்க வேண்டுமென்று பேசியபின் மயங்கி வீழ்ந்தவர் மீளவில்லை. அந்நாளில் தேனியும் கம்பமும் மதுரை ஜில்லாவைச் சேர்ந்தவை; 1996-ல்தான் தேனி தனி ஜில்லாவாயிற்று. ஆகவே அவர் கடைசியாக வழக்காடிய பிள்ளைகளில் பள்ளத்தாக்கின் பிள்ளைகளும் உண்டு என்று கொள்வதில் தவறில்லை.

அப்பிள்ளைகளுக்கு எண் விளையாட்டு மட்டுமன்று. 1895-ல் கட்டி முடிந்த பெரியாறு அணையின் நீரால் அங்கே 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. விடியுமுன் ஜீப்பில் ஏறிக் குமுளிக்கும் போடி மெட்டுக்கும் அப்பாலுள்ள ஏலத்தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகும் தாய்மார் அனேகர். பறித்த காயின் எடையையும் வாரக் கூலியையும் தானே சரிபார்க்கத் தெரியாத தொழிலாளி, கங்காணி சொன்னதை நம்பித் திரும்ப வேண்டியதுதான். சுதந்திரம் என்று நாம் பேசுவதில் இதுவும் சேர்த்தி. 2022-ல் சர்க்கார் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் முதல் மூன்று வகுப்புகளுக்குப் பாட்டையும் விளையாட்டையும் கொண்டு போனது நல்ல காரியம். ஆயினும் பள்ளிக்கு வருமுன் வீட்டில் கழியும் வருஷங்களே பாட்டுக்கு உரிய வருஷங்கள். வர்ணப் படமுள்ள புத்தகத்தின் விலையோ கூலிக்காரர் வீட்டுக்கு எட்டுவதாயில்லை.

படத்துக்குப் பொருள் தேடி அலையவேண்டியதுமில்லை. கம்பத்துப் பன்னீர் திராட்சைக் குலை இருக்கிறது. வாழைத்தாரில் சீப்புகளை எண்ணலாம். சின்னமனூர்க் கொடிக்காலில் நூறு வெற்றிலை ஒரு கவுளி. சித்திரம் எழுதத் தெரிந்த உபாத்தியாயர்களும் பாட்டுக் கட்டத் தெரிந்த இளைஞர்களும் பள்ளத்தாக்கில் இல்லாமலில்லை. உத்தமபாளையத்திலும் கூடலூரிலும் வாசகசாலை நடத்தும் நண்பர்கள், வருகிற நவம்பர் 7-ந் தேதிக்குள் ஒரு பலகையைக் குழந்தைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் அடித்து வைப்பார்களாக. அதில் முதலில் வைக்கவேண்டிய புத்தகம் யாருடையது என்று நம்மைக் கேட்கவேண்டியதில்லை.