78 வயது வரை காத்திருந்த இசை மேதை!

சிம்பொனி என்பது வயலின், புல்லாங்குழல், எக்காளம், முரசு என்று பல வாத்தியங்கள் சேர்ந்து முழங்கும் நீண்ட இசை. அப்படி 32 சிம்பொனிகளை எழுதியவர் ஹாவர்கல் பிரையன். ஆனால், அவற்றில் ஒன்றையாவது தம் காதால் கேட்க, அவர் 78 வயது வரை காத்திருக்க நேர்ந்தது!

12 வயதில் வேலை

இங்கிலாந்தில் ஸ்டாபோர்டுஷயரைச் சேர்ந்த டிரெஸ்டன் என்ற ஊரில், 1876-ம் ஆண்டு பிரையன் பிறந்தார். பெற்றோர் பீங்கான் தொழிலாளிகள். 12 வயதோடு படிப்பு நின்றது. தச்சு வேலை பழகினார். மாதா கோவிலில் ஆர்கன் வாசித்தார். இசை எழுதும் கலையைப் பெரும்பாலும் தாமாகவே கற்றுக்கொண்டார்.

1909-ல் ஒரு செல்வந்தர், ஆண்டுக்கு 500 பவுன் உதவ முன்வந்தார். நல்ல காலம் வந்தது போல் இருந்தது. ஆனால், 1913-ல் பிரையன் குடும்பத்தைப் பிரிந்து லண்டன் சென்றார். வறுமை வாட்டியது. பிறருடைய இசையைப் படி எடுத்துக் கொடுத்தும், பத்திரிகைக்கு எழுதியும் பிழைத்தார்.

மலை போன்ற இசை

அந்தக் கஷ்டத்திலும், 1919 முதல் 1927 வரை உழைத்து, "கோதிக்" சிம்பொனியை எழுதி முடித்தார்.

அதை வாசிக்கச் சுமார் 200 பேர் வேண்டும். பாடுவதற்கு நூற்றுக்கணக்கான பேர் வேண்டும். சிறுவர் பாடகர்களும் வேண்டும். நேரமோ, கிட்டத்தட்ட 2 மணி!

இவ்வளவு பேருக்கு யார் பணம் கொடுப்பது? கையெழுத்துப் பிரதி உறங்கியது. பிரையன் உறங்கவில்லை. எழுதிக்கொண்டே இருந்தார்.

ரேடியோவில் ஒலித்தது

1954-ல் பி.பி.சி. ரேடியோ அவருடைய 8-வது சிம்பொனியை ஒலிபரப்பியது. கிழவருக்குப் புதுத் தெம்பு பிறந்தது. 80 வயதுக்குப் பிறகு மட்டும் 21 சிம்பொனிகள் எழுதினார்! கடைசி சிம்பொனியை முடித்தபோது அவருக்கு வயது 92.

"கோதிக்" 1961-ல்தான் லண்டனில் அரங்கேறியது. வாசித்தவர்களில் பெரும்பாலோர், இசையைத் தொழிலாகக் கொள்ளாதவர்கள். 1966-ல் ஆல்பர்ட் மண்டபத்தில், ஏட்ரியன் போல்ட் அதை மீண்டும் நடத்தினார். பிரையனுக்கு அப்போது வயது 90.

மாணவர்களின் இசைத்தட்டு

அவருடைய சிம்பொனிகளை இசைத்தட்டுக்காக முதலில் வாசித்தவர்கள் யார் தெரியுமா? லெஸ்டர்ஷயர் பள்ளி மாணவர்கள்! 1972-ல் 10-வது, 21-வது சிம்பொனிகளை அவர்கள் வாசித்தார்கள். அதே ஆண்டு நவம்பரில், 96-வது வயதில் பிரையன் காலமானார். அதன் பிறகே இசைத்தட்டு கடைக்கு வந்தது.

"கோதிக்" 1989-ல் பிராட்டிஸ்லாவா நகரில் பதிவாகி, சி.டி.யாக வெளிவந்தது. 2011-ல் மார்ட்டின் பிராபின்ஸ் ஆல்பர்ட் மண்டபத்தில் நடத்திய நிகழ்ச்சியும் பதிவாயிற்று.

கேட்க ஆள் இல்லாத காலத்திலும் பேனாவைக் கீழே வைக்காதவர் பிரையன். அதனால்தான், இன்று கேட்பதற்கு அந்த இசை இருக்கிறது.